பதினெட்டு இஞ்ச் பெட்டி

ஜனவரி 20, திங்கள்

இந்த டைரி அத்தை வீட்டு பீரோவில் சும்மா கிடந்தது. "எடுத்துக்கோ, எதையாவது கிறுக்கு. வாயைத்தான் தொறக்க மாட்டேங்கற" என்றாள் அத்தை. நான் எழுதுவதை அவள் கண்டிப்பாக எடுத்துப் படிப்பாள். படித்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரிதான் எழுதப்போகிறேன்.

என் பெயர் சுகிர்தா. பதினேழு வயது. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். படிப்பு ஏறவில்லை. அம்மா இல்லை. அப்பா பெயர் தனகோடி. கல்யாணம், கூட்டம், கச்சேரிகளுக்கு சவுண்ட் போடுகிறவர். நான் அவருக்கு உதவி. திண்டிவனத்தில் இருந்தோம். அங்கே வேலை குறைந்ததால் தீபாவளி கழிந்ததும் புதுச்சேரிக்கு வந்து, முத்தியால்பேட்டையில் இந்த அத்தை வீட்டில் இருக்கிறோம்.

இன்று அப்பாவுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி ஒரு பப். நீல நங்கூரம் என்று இங்கிலீஷில் போர்டு. முதலாளி அந்துவான் சார். காதலர் தினத்திலிருந்து வெள்ளிக்கிழமை டிஸ்கோ, சனிக்கிழமை கரோக்கி நடத்தப்போகிறாராம். ஸ்பீக்கர், மைக், மிக்ஸர் எல்லாவற்றையும் அப்பாதான் பார்த்து வாங்கித் தரவேண்டும். சரியாக வந்தால் அப்பா அங்கேயே நிரந்தர ஆள். மாடியில் இரண்டு அறை காலியாக இருக்கிறது. அதில் நாங்கள் குடியிருக்கலாம்.

இரவு அப்பா இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜனவரி 22, புதன்

ஹாலைப் பார்க்கப் போனோம். பப் மாலை ஆறு மணிக்குத்தான் திறக்கிறது. அதனால் பகலில் காலியாக இருந்தது. நீளம் முப்பது அடி, அகலம் பதினெட்டு. பழைய வீடு, மரக்கட்டை வைத்த தாழ்வான கூரை. ஒரு சுவர் முழுக்க கண்ணாடித் தட்டில் பாட்டில்கள். பின்னால் கிச்சன். கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவே தட்டு நீட்டுவதற்குக் கண்ணாடி வைத்த ஒரு சின்ன ஜன்னல்.

அப்பா நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் முடியைத் தொட்டேன்.

இது எங்கள் வழக்கம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் அருகில் நிற்பவருக்கு ஹாலின் கடைசி மூலையில் எப்படிக் கேட்கிறது என்று தெரியாது. அதனால் நான் மூலையில் நிற்பேன். கீச்சென்ற சத்தம், அதாவது ட்ரெபிள், அதிகமாக இருந்தால் முடியைத் தொடுவேன். தும்மென்ற அடிச் சத்தம், அதாவது பேஸ், அதிகமானால் கழுத்துச் செயினைத் தொடுவேன். பாடுகிறவர் குரல் அமுங்கினால் வளையலைத் தொடுவேன். எல்லாம் சரி என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். நான் கையைக் கட்டுகிறவரை அப்பா விடமாட்டார். எல்லா சவுண்ட்காரர்களும் ஆள் வைத்துப் பார்ப்பார்கள். எங்களுடையதும் அதேதான்.

"பன்னெண்டு இஞ்ச் ஸ்பீக்கர் பெட்டி ரெண்டு போதும் சார்" என்றார் அப்பா. "உள்ளயே ஆம்ப் இருக்கற மாதிரி. கூரைக்குக் கீழ ஓரமா மாட்டிடலாம். கூட ரெண்டு கார்ட்லெஸ் மைக்."

"சென்னைலேருந்து, பெங்களூர்லேருந்து பசங்க வராங்க தனகோடி. நெஞ்சு அதிர வேணாமா?"

"சின்ன ஹாலு. அதிருச்சின்னா பாட்டு கேக்காது, பாட்டில்தான் கேக்கும். பாடறவன் குரல் தெளிவா வரணும். தன் குரல் நல்லாருக்குன்னு நெனச்சாத்தான் அடுத்த வாரமும் வருவான்."

அந்துவான் சார் சிரித்தார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இவரும் பட்டாளத்துக்காரர் மாதிரிதான் நிற்கிறார். "பொருளு உன் இஷ்டம். நான் தலையிட மாட்டேன். ஆனா தப்பாச்சுன்னா பொருளோட நீயும் வெளிய. சொல்லிட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா பேசாதா?"

"பேசும் சார். கூச்சம்" என்றார் அப்பா.

ஜனவரி 23, வியாழன்

திருப்பூரிலிருந்து ஒரு ஆள் வந்தார். பனியன் கம்பெனிக்குப் பெண்களைச் சேர்க்கிறவர். ஹாஸ்டலும் சாப்பாடும் அவர்களே தருவார்களாம். பிப்ரவரி பதினாறு, ஞாயிறு காலை வேன் வருகிறது. அத்தை என் ஆதார் அட்டையின் நகலைக் கொடுத்துவிட்டாள்.

"பப்பு வேல நெலச்சா நல்லதுதான். நெலைக்கலன்னா நீ திருப்பூரு, உங்கப்பன் ஐஸ் பேக்டரி வாசல்ல வாச்மேன். மாமா பேசி வச்சிட்டாரு" என்றாள். மாமா என்பது அத்தையின் வீட்டுக்காரர். அந்த ஐஸ் பேக்டரியில் மேஸ்திரி.

அந்த வாசலைப் பார்த்திருக்கிறேன். மீன் லாரிகள் நாள் முழுக்க ரிவர்ஸில் வரும். பீப் பீப் என்று சின்ன சத்தம் போட்டுக்கொண்டே வரும்.

அப்பா கவனமாகத்தான் இருப்பார். சில நேரம் யோசனையில் இருப்பார், அவ்வளவுதான்.

ஜனவரி 25, சனி

நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு கடையில் சாமான் வாங்கினோம். பதினைந்து இஞ்ச் பெட்டி இரண்டு, பதினெட்டு இஞ்ச் பேஸ் பெட்டி ஒன்று, மிக்ஸர், கார்ட்லெஸ் மைக் இரண்டு. பதினைந்து நாளைக்குள் கீறல் இல்லாமல் கொண்டுவந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர்.

பன்னிரண்டு இஞ்ச் பெட்டியும் போட்டுப் பார்த்தோம். பெரியதே நன்றாக இருந்தது. அப்பாவும் பார்த்துத்தான் முடிவெடுத்தார்.

வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

துணி துவைத்தேன். அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும் சின்ன வெள்ளை டப்பாவை எடுத்துத் துடைத்து, மறுபடியும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

இன்றிலிருந்து டைரி கேபிள் பெட்டிக்குள், ஒயர்ச் சுருளுக்கு அடியில். அந்தப் பெட்டியை பப்பிலேயே வைத்துவிட்டோம். இனி அத்தையால் படிக்க முடியாது. யாரும் படிக்கப்போவதில்லை என்றதும் கை வேறு மாதிரி எழுதுகிறது.

பெட்டிகள் இறங்கிவிட்டன. பேஸ் பெட்டியை மூலையில் வைத்து ஒரு பாட்டுப் போட்டார் அப்பா. தட்டில் இருந்த பாட்டில்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு கிணுகிணுவென்றன. பாடுகிறவர் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. நான் செயினைத் தொட்டேன். அப்பா குறைத்தார். வளையலைத் தொட்டேன். ஏற்றினார். ஏற்றினால் விசில் வரப் பார்க்கிறது. ஹால் சின்னது, பெட்டி பெரியது. மைக்கோடு எங்கே நின்றாலும் பெட்டிக்கு முன்னால்தான் நிற்கவேண்டும்.

இரண்டு மணி நேரம் செயின், வளையல், முடி என்று தொட்டுக்கொண்டே இருந்தேன். என் கையையே பார்த்துப் பார்த்து அப்பாவின் கண் சிவந்துவிட்டது.

"கடைல நல்லாருந்துதே கண்ணு" என்றார்.

கடையில் நன்றாக இல்லை. எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு மெல்லிய சத்தம் எதுவும் கேட்காது. இரண்டு வருடம் ஆகிறது. முதலில் மைக் விசில் போனது, பிறகு குக்கர் விசில், கொலுசு, சைக்கிள் மணி. எதிரில் நின்று தடித்த குரலில் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். போனது திரும்ப வராது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஒரு மிஷின் கொடுத்தார்கள். அதுதான் சட்டைப் பையில் இருக்கும் டப்பா. "காதுல மிஷினோட நிக்கற சவுண்ட்காரன யார் கூப்புடுவா?" என்று அப்பா அதை மாட்டியதே இல்லை.

திண்டிவனத்தில் வேலை குறையவில்லை. ஒரு கல்யாண வரவேற்பில் மைக் ஊளையிட ஆரம்பித்தது. நான் அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஜனங்கள் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார்கள். அப்பா இன்னும் வேண்டும் என்று கேட்கிறார்கள் என்று நினைத்து ஏற்றினார். மறுபடியும் கையைத் தூக்கினார்கள். மறுபடியும் ஏற்றினார், சிரித்துக்கொண்டே. மாப்பிள்ளையின் தம்பி வந்து அப்பாவின் கையைத் தட்டிவிட்டான். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பத்தாம் வகுப்பில் நானூற்று முப்பத்தொன்று வாங்கினேன். படிப்பு ஏறாமல் இல்லை.

கடை விஷயம். பன்னிரண்டு இஞ்ச் போட்டபோது ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது. அப்பா சும்மா நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. பிறகு கடைக்காரர் அந்தப் பதினெட்டு இஞ்சைப் போட்டுக் காட்டினார். தரை நடுங்கியது. அப்பா தலையைத் தூக்கினார். ஒரு கையை நெஞ்சில் வைத்தார். தாளத்துக்குக் கால் ஆடியது. சிரித்தார். இரண்டு வருடம் கழித்து ஒரு பாட்டு அவருக்குக் கேட்டது.

பிறகு என்னைப் பார்த்தார். எப்படி என்று புருவத்தால் கேட்டார்.

நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 1, சனி

இன்று மாலை பப் திறக்கிற நேரத்தில் அந்துவான் சார் வந்தார். "பாப்பாக்கு என்ன வயசு?"

"பதினேழு சார்."

"அப்ப ஆறு மணிக்கு மேல ஹாலுக்குள்ள நிக்கக் கூடாது. பதினெட்டு ஆகணும். எவனாவது எழுதிப் போட்டா லைசன்ஸு போயிடும். பகல்ல வேல செய்யட்டும், ராத்திரி வீட்டுக்குப் போகட்டும்."

அப்பாவுக்கு இது முழுவதும் புரிந்தது. வேண்டாம் என்கிற விஷயம் எல்லாம் அவருக்கு உடனே புரிந்துவிடுகிறது. முகம் எப்படியோ ஆனது. நான் இல்லாமல் அந்த மிக்ஸருக்குப் பின்னால் அவர் எப்படி நிற்பார்? இதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. யோசிக்கப் பயந்து யோசிக்கவில்லை.

வாசல்வரை போய்த் திரும்பி வந்து நான் கேட்டேன். அந்துவான் சார் குனிந்து கேட்கவேண்டியிருந்தது. "கிச்சன்ல நிக்கலாமா சார்? கிளாஸ் கழுவறேன்."

"கிச்சன் வரைக்கும்தான். பின்பக்கச் சந்து வழியா வரணும்."

பிப்ரவரி 2, ஞாயிறு

மிக்ஸர் மேசையைக் கிச்சன் ஜன்னலைப் பார்த்தாற்போல் திருப்பிப் போட்டோம். அந்துவான் சார் கேட்டதற்கு, "ஒயரு எட்டல சார்" என்றார் அப்பா.

பிப்ரவரி 5, புதன்

சனிக்கிழமை மாலை ஒத்திகை. அந்துவான் சாரின் கூட்டாளிகள் இருபது பேர் வருகிறார்கள். நல்லபடியாக முடிந்தால் பதினான்காம் தேதி ஆரம்பம்.

பெட்டியை மாற்றிவிடலாம் என்று இன்று அப்பாவிடம் சொல்ல நினைத்தேன். சொன்னால் ஏன் என்பார். கடையில் பொய் சொன்னேன் என்று சொல்லவேண்டும். அவர் நம்புகிற ஒரே காது என்னுடையது. அதுவும் பொய் சொல்லும் என்று தெரிந்தால் பிறகு எதை நம்பி நிற்பார்?

சொல்லவில்லை. பேஸ் பெட்டிக்கு அடியில் பழைய கார்ப்பெட்டை மடித்து வைத்தேன். பாட்டில்களுக்கு நடுவே அட்டை செருகினேன். கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான்.

பிப்ரவரி 7, வெள்ளி

அத்தை எனக்குத் திருப்பூருக்கு ஒரு பை வாங்கி வைத்திருக்கிறாள். சிவப்பு. நல்ல பைதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இரவு கிளம்பும்போது கேபிள் பெட்டியிலிருந்து டைரியை மட்டும் எடுத்துவந்துவிட்டேன். இன்று வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஆறரைக்கு ஆரம்பித்தார்கள். கிச்சனில் ஃபிலோமினா அக்கா இருந்தாள். சமையல் அவள்தான். எனக்குக் கவுன் மாதிரி ஒரு ஏப்ரன் கட்டிவிட்டு, "பயப்படாத, ஒண்ணு ரெண்டு ஒடச்சாலும் நான் சொல்ல மாட்டேன்" என்றாள். ஜன்னல் கண்ணாடியைத் திறந்து வைத்திருந்தேன். முதல் இரண்டு பாட்டு சுமாராகப் போனது. நான் வளையலைத் தொட்டேன், அப்பா ஏற்றினார். செயினைத் தொட்டேன், குறைத்தார். பிறகு ஃபிலோமினா அக்கா மீன் வறுக்க ஆரம்பித்தாள். அந்துவான் சார் ஹாலிலிருந்து கையைக் காட்டினார். "பொக உள்ள வருது, சாத்து, சாத்து." அக்கா கண்ணாடியை இழுத்துச் சாத்திவிட்டாள்.

சாத்தியதும் எல்லாச் சத்தமும் மாறிவிட்டது. வார்த்தை இல்லை, குரல் இல்லை. தும், தும், தும் என்று தாளம் மட்டும் சுவர் வழியாக வந்தது. உருண்டையாக, மெத்தென்று, அழகாக இருந்தது. பாட்டில் ஆடுகிற சத்தம்கூட இல்லை. அப்பாடா, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடி வழியாக அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கையைக் கட்டிக்கொண்டேன். பொய் இல்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் போனாள். போனவள் தட்டோடு திரும்பி ஓடி வந்தாள், ஒரு காதைத் தோளில் அழுத்திக்கொண்டு. கதவு திறந்து மூடிய அந்த நொடியில் விசில் உள்ளே வந்தது. பல்லில் ஊசி ஏற்றுகிற மாதிரி.

கண்ணாடியில் பார்த்தேன். லெயோன் அங்கிள் என்கிறவர், அந்துவான் சாரின் சிநேகிதர், மைக்கோடு ஸ்பீக்கர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கை இன்னும் கட்டியே இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே ஏற்றினார்.

நான் எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. ஏப்ரனோடு ஹாலுக்குள் போய், அத்தனை பேரைத் தள்ளிக்கொண்டு, மிக்ஸரில் மைக்குக்கான பட்டனைக் கீழே இழுத்தேன். சத்தத்தின் அளவைக் காட்டுகிற விளக்கு வரிசை உச்சிவரை சிவப்பாக இருந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் கண்ணு? நல்லாத்தானே போச்சி?" என்றார் சத்தமாக. ஹால் முழுக்க அமைதியாக இருந்ததால் அது இன்னும் சத்தமாக இருந்தது.

அந்துவான் சார் அப்பாவுக்குப் பின்னால் வந்து நின்றார். "தனகோடி."

அப்பா திரும்பவில்லை.

"தனகோடி, பின்னால நிக்கறேன்."

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் லேசாகச் சிரித்தார். லெயோன் அங்கிள் அவர் தோளைத் தட்டி நிறுத்தினார்.

இருபது பேர் பார்க்க நான் பேசினேன். வாழ்க்கையில் அவ்வளவு பேர் எதிரில் பேசியதில்லை. "அவருக்கு விசில் கேட்காது சார். மெல்லிசா எது வந்தாலும் கேட்காது. நான்தான் நின்னு பார்த்துச் சொல்வேன். சின்ன பெட்டிதான் போதும்னு அவர் சொன்னது சரி. கடைல நான்தான் பொய் சொல்லி இத வாங்க வச்சேன்."

எல்லாருக்கும் கேட்டது. அப்பாவுக்குக் கேட்கவில்லை. என் குரல் மெல்லிய குரல். அவர் அந்துவான் சார் பக்கம் திரும்பி, "என்ன சொல்லுது சார் பாப்பா?" என்றார்.

அந்துவான் சார் அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "உனக்குக் காது கேக்காதுன்னு சொல்லுது."

அப்பா மிக்ஸரை அணைத்தார். ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிச் சுருட்டினார். எட்டு ஒயர். எல்லாம் ஒரே அளவுச் சுருள்.

"சாமான கடைல குடுத்து மாத்து. அதோட முடிச்சிக்கலாம்" என்றார் அந்துவான் சார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 10, திங்கள்

வாங்கிய பதினைந்து நாள் நேற்றோடு முடிந்தது. ஞாயிறு என்பதால் கடை மூடியிருந்தது. இன்று காலை கடைக்குப் போன் செய்தேன். எதிர்முனை ஹலோ என்றதும் இரண்டு முறை வைத்துவிட்டேன். மூன்றாவது முறை பேசினேன். "நேத்து கட லீவுங்க. ஒரு நாள்தான். கீறல் இல்லங்க. பன்னெண்டு இஞ்ச் ரெண்டு குடுங்க."

"யாரும்மா நீ, சின்னப் பொண்ணா? பெரியவங்க யாராவது இருக்காங்களா?"

"நான்தான் பாக்கறேன்" என்றேன். "கீறல் இல்லன்னா கொண்டாங்க" என்றார் கடைக்காரர்.

பெட்டிகளை எடுக்க நானும் அப்பாவும் பப்புக்குப் போனோம். குட்டியானை வண்டி வருவதற்குள் அப்பா பேஸ் பெட்டி மேல் உட்கார்ந்து என்னை எதிரில் உட்காரச் சொன்னார்.

"கடைல நல்லால்லயா?"

தலையை ஆட்டினேன்.

"அப்பறம் எதுக்குக் கைய கட்ன? உன்ன நம்பித்தானடி நிக்கறேன்."

உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன். "நீ சிரிச்சப்பா."

"என்னா?"

"அந்தப் பெட்டி போட்டப்ப. நீ சிரிச்ச."

அப்பா பெட்டியிலிருந்து இறங்கி அதன் எதிரில் உட்கார்ந்தார். பிறகு, "ஒரு தடவ போடு" என்றார். போட்டேன். இரண்டு உள்ளங்கையையும் பெட்டியின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பாட்டு முடிந்ததும் அவரே ஒயரைப் பிடுங்கினார். கார்ப்பெட் தூசியைத் துடைத்தார். வண்டியில் ஏற்றுகிறபோது மூலை இடிக்காமல் தன் கையைக் கொடுத்து ஏற்றினார். விரல் முட்டியில் தோல் போய்விட்டது. பெட்டியில் கீறல் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். இன்று ஊர் முழுக்க மதுக்கடை மூடல். அந்துவான் சார் சாவியை ஃபிலோமினா அக்காவிடம் கொடுத்து, "மாட்டி வச்சிட்டுப் போகட்டும். வேற ஆளு வந்து ஓட்டிக்குவான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பன்னிரண்டு இஞ்ச் இரண்டையும் கூரைக்குக் கீழே மாட்டினோம். பாடுகிறவர் பெட்டிக்குப் பின்னால் நிற்கிற மாதிரி தரையில் டேப்பால் ஒரு கோடு போட்டார் அப்பா. பிறகு மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். கவரைப் பிரித்தார். மிஷினை எடுத்து, கண்ணாடி பார்க்காமல், காதில் மாட்டிக்கொண்டார். முகம் சுளித்தார்.

"பாத்திரம் உருட்ற மாதிரி இருக்கு" என்றார். "பாட்ட இதுல கேக்க முடியாது. ஆனா பின்னாலேருந்து யாராவது கூப்ட்டா தெரியும்."

பிறகு விளக்கு வரிசையைக் காட்டினார். "நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். விசில் வர்றதுக்கு முன்னாடி இது மஞ்சளு தாண்டும். நான் இதப் பாத்திருக்கணும். ஜன்னலப் பாத்துட்டு இருந்தேன். மைக்க எடுத்துக்கோ."

"நானா?"

"கோட்டுக்குப் பின்னால நில்லு. பேசு."

இத்தனை வருடத்தில் மைக்கைத் துடைத்திருக்கிறேன், தூக்கியிருக்கிறேன், பேட்டரி மாற்றியிருக்கிறேன். பேசியதில்லை. டெஸ்டிங் சொல்வது எப்போதும் அப்பாதான்.

"ஹலோ" என்றேன். காலி ஹாலில் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. சுத்தமாக இருந்தது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தார்.

"ரெண்டு பச்ச" என்றார். "உன் குரலு ரெண்டு பச்ச. இன்னும் பேசு."

என்ன பேசுவது என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்பு மார்க்கைச் சொன்னேன். தமிழ் தொண்ணூற்று ஒன்று, கணக்கு எண்பத்து எட்டு. சொல்லச் சொல்ல மூன்றாவது பச்சை வந்தது. அப்பா மைக் பட்டன் நின்ற இடத்தில் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் சுகி என்று எழுதினார்.

மாலை வரை செய்தோம். மெல்லிய குரலுக்கு ஒரு கோடு, தடித்த குரலுக்கு ஒன்று, கத்துகிறவருக்கு ஒன்று. டிஸ்கோவுக்குத் தனி. ட்ரெபிள் எங்கே, பேஸ் எங்கே என்று நான் கேட்டுச் சொன்ன இடத்தில் எல்லாம் டேப். இனி ராத்திரியில் நான் இல்லாவிட்டாலும் நான் கேட்டது அங்கே இருக்கும்.

ஐந்து மணிக்கு அந்துவான் சார் பூட்டிப் போக வந்தார். கூட லெயோன் அங்கிள். அப்பா எழுந்திருக்காமல், "சார், உங்க சிநேகிதர ஒரு பாட்டு பாடச் சொல்லுங்க. அப்பறம் போயிடறோம்" என்றார்.

லெயோன் அங்கிள் பாடினார். மைக்கை ஆட்டி ஆட்டிப் பாடுகிறவர். ஒருமுறை கோட்டைத் தாண்டி முன்னால் போனார். விளக்கு மஞ்சளுக்குப் போவதற்குள் அப்பாவின் விரல் இறக்கிவிட்டது. விசில் வரவில்லை. பாட்டு முடிந்ததும் லெயோன் அங்கிள், "அந்துவான், என் குரல் இவ்ளோ நல்லாருக்கும்னு என் பொஞ்சாதிகூட சொன்னதில்ல" என்றார்.

அந்துவான் சார் டேப்புகளைக் குனிந்து பார்த்தார். எழுந்து, அப்பாவுக்குப் பின்னால் போய் நின்று, "தனகோடி" என்றார்.

அப்பா திரும்பினார்.

"வெள்ளிக்கெழம வா. ஒரே ஒரு நாள். ஒம்பது மணி வரைக்கும் பாப்பாவக் கூப்புட நான் கிச்சன் பக்கம் வரலன்னா சனிக்கெழமயும் வா, மேல ரூமையும் எடுத்துக்கோ. நான் வந்தேன்னா பேச ஒண்ணும் கெடையாது."

பிப்ரவரி 13, வியாழன்

சிவப்புப் பையில் அத்தை என் துணியை அடுக்கிவிட்டாள். நான் எடுத்து வெளியே வைத்தேன். மறுபடியும் அடுக்கினாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

இதைக் கிச்சனில், எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏழு மணியிலிருந்து ஜன்னல் சாத்தியே இருக்கிறது. தும் தும் தும். எனக்கு அவ்வளவுதான் கேட்கிறது. உள்ளே விசில் அடிக்கிறதா, யாராவது காதைப் பொத்துகிறார்களா, தெரியாது. அப்பா தினமும் இப்படித்தான் இருக்கிறார் என்று கிளாஸ் கழுவும்போது நினைத்துக்கொண்டேன். ஒரு கிளாஸ் உடைந்தது. ஃபிலோமினா அக்காவே பெருக்கினாள்.

கண்ணாடிக்கு அப்பால் பார்க்கவே பயமாக இருந்தது. ஹாலின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழரை. எட்டு. எட்டு பத்துக்குக் கதவு திறந்தது. சோடா கேட்க ஒருவர் வந்தார். எட்டரை. எட்டே முக்காலுக்கு அந்துவான் சாரின் குரல் கதவுக்கு மிக அருகில் கேட்டது. யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தார். பிறகு தள்ளிப் போனது.

ஒன்பது அடித்ததும் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது ஐந்து ஆகட்டும், நம் கடிகாரம் கொஞ்சம் வேகம் என்றாள். ஒன்பது ஐந்தும் ஆனது. யாரும் வரவில்லை.

எழுந்து போய் ஏப்ரனால் கண்ணாடியில் இருந்த ஆவியைத் துடைத்தேன். ஹால் நிறைய ஆட்கள். அப்பா காதில் மிஷினோடு மேசைக்குப் பின்னால் நின்றார். விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் டேப் மேல் இருந்தது. நான் துடைத்தது கண்ணில் பட்டிருக்கவேண்டும். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். விரலை எடுத்தார்.

கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கண்ணாடியைத் திறந்து நானும் கேட்டேன். உண்மைதான்.